தடுப்பூசியும் நெஞ்சுவலியும் – அரிதான தீங்கை எடை போடுவது எப்படி?

நமது மதரஸாக்களில் உஸூலுல் ஃபிக்ஹு பாடம் தொடங்கும் மாணவனுக்குத் தொடக்கத்திலேயே கற்பிக்கப்படும் நான்கு சொற்கள் உண்டு. யகீன், ளன்னு, ஷக்கு, வஹ்மு என்பன அவை. ஒரு விஷயம் ஐயத்திற்கு இடமின்றி உறுதிப்பட்டால் அது யகீன். உறுதி இல்லாவிடினும் ஒரு பக்கம் மேலோங்கி நிற்குமானால் அது ளன்னு. இரு பக்கமும் சரிசமமாக நின்றால் ஷக்கு. மேலோங்கிய பக்கத்திற்கு எதிரே மெலிந்து ஒட்டிக்கொண்டிருக்கும் சாத்தியத்திற்கு வஹ்மு என்று பெயர். கிணற்று நீர் சுத்தமானதா, உளூ முறிந்ததா, கிப்லா எத்திசை என்பன போன்ற மஸ்அலாக்களில் இந்த அளவுகோலை நாள்தோறும் பயன்படுத்துகின்றோம். ஆனால் மருந்து, மாத்திரை, ஊசி என்று வந்துவிட்டால் மட்டும் நம்மில் பலர் அதனைத் திண்ணையிலேயே வைத்துவிட்டு வெறுங்கையோடு வீட்டிற்குள் போய்விடுகிறோம்.

கொரோனாத் தடுப்பூசி இதயத்தைக் கெடுக்கிறதா என்ற கேள்வி 2021இல் எழுந்து இன்றுவரை ஓயவில்லை. வாலிபர் ஒருவர் எங்கேனும் திடீரென மௌத்தானார் என்று செய்தி வந்தால் போதும். ‘அவர் எந்த ஊசி போட்டிருந்தார்?’ என்பதே ஜனாஸா வீட்டில் முதல் கேள்வியாக இருக்கிறது. அவருடைய தகப்பனார் இருதய நோயாளியா, அவருக்கு இரத்தக் கொதிப்பு இருந்ததா என்று யாரும் கேட்பதில்லை. ஜும்ஆ முடிந்து வெளியே வரும் ஆலிம்களிடமும் இக்கேள்வி வருகிறது. ஒரே வார்த்தையில் பதில் சொல்லி அனுப்பிவிடக் கூடியதன்று இது. ‘அப்படி ஒன்றுமே இல்லை’ என்பதும் உண்மையன்று. ‘ஆம், கெடுக்கத்தான் செய்கிறது’ என்பதும் உண்மையன்று. ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறோம். நேயர்கள் பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறோம்.

நடிகர் விவேக்கின் மரணம்

தமிழ்நாட்டில் கொரோனாத் தடுப்பூசி போடும் பணி 2021 ஜனவரி 16 அன்று நம் மதுரையில்தான் தொடங்கிற்று. கோரிப்பாளையம் தர்காவிற்கு அருகிலுள்ள அரசு இராஜாஜி மருத்துவமனையில் அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி அதனைத் தொடங்கி வைத்தார். முதல் மூன்று மாதங்கள் மக்கள் தயங்கித் தயங்கியே வந்தனர். ஏப்ரல் 14 அன்று ரமளான் நோன்பு பிறந்தது. நோன்பு வைத்துக்கொண்டு ஊசி போடலாமா என்பதே அப்போது நம்மிடம் வந்த முதற் கேள்வி. புஜத்தில் தசைக்குள் போடப்படும் ஊசி, வாய், மூக்கு முதலிய திறந்த வழியாக உள்ளே செல்வதன்று, உணவாகவும் ஆவதில்லை, எனவே அதனால் நோன்பு முறியாது என்பதே உலமாக்களில் பெரும்பாலோர் கூறும் தீர்ப்பு. அதைச் சொல்லி வாய் மூடுவதற்குள் அடுத்த செய்தி வந்துவிட்டது.

நடிகர் விவேக் ஏப்ரல் 15 அன்று சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில், பொதுமக்களுக்குத் தைரியம் ஊட்டுவதற்காகவே பத்திரிகையாளர்கள் காண, கோவாக்சின் ஊசி போட்டுக்கொண்டார். மறுநாள் நெஞ்சுவலி வந்து நினைவிழந்தார். 17ஆம் தேதி அதிகாலையில் இறந்துபோனார். வயது 59. நம் மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்தவர். மரம் நடுவதிலும் நல்லது சொல்வதிலும் பேர் வாங்கியவர். அவர் மீது எல்லாச் சமூகத்தாருக்கும் பிரியம் இருந்தது. அந்தப் பிரியமே அச்சமாகவும் மாறிற்று.

பள்ளிவாசல்கள் மீண்டும் திறக்கப்பட்ட பின், அவ்வாண்டு ஜூலை மாதத்தில் மேலூர்ப் பக்கம் ஒரு சிற்றூருக்கு பயானுக்குச் சென்றிருந்தோம். பெரியவர் ஒருவர் நம் கையைப் பிடித்துக்கொண்டு, “ஹஜரத், அவ்வளவு பெரிய நடிகரே ஊசி போட்ட மறுநாள் போயிட்டாரு. நாங்கெல்லாம் எந்த மூலைக்கு?” என்றார். அவரோடு பேசிக்கொண்டிருந்ததில், அவருக்குச் சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் பல ஆண்டுகளாக இருப்பதும், ஆஸ்பத்திரிப் பக்கம் போனால் பிடித்து ஊசி போட்டுவிடுவார்களோ என்று பயந்து மூன்று மாதமாக மாத்திரை வாங்கவே போகாமல் இருப்பதும் தெரியவந்தது. ஊசிக்குப் பயந்தவர், எதற்குப் பயப்பட வேண்டுமோ அதை மறந்திருந்தார்.

விவேக்கிற்கு நேர்ந்தது என்ன? இதயத்திற்கு இரத்தம் கொண்டுசெல்லும் முக்கியக் குழாய் ஒன்று முழுவதுமாக அடைபட்டிருந்தது என்று சிகிச்சை அளித்த மருத்துவர்கள் கூறினர். ஊசிக்குப் பின் நேரும் பாதிப்புகளை ஆராயும் மத்திய அரசின் குழுவும் விசாரித்து, அம்மரணம் ஊசியால் விளைந்ததன்று, ஊசியோடு தற்செயலாகச் சேர்ந்து நேர்ந்தது என்று 2021 அக்டோபரில் முடிவு கூறிற்று.

பெரியாறு பாசனத்தில் பயிர் செய்யும் விவசாயிக்கு இதை விளக்குவது எளிது. கால்வாயில் பல ஆண்டுகளாக வண்டல் படிந்து படிந்து ஒரு நாள் தண்ணீர் நின்று, வயல் காய்ந்துவிடுவது ஒன்று. கால்வாயில் தண்ணீர் நன்றாக ஓடிக்கொண்டிருக்க, வயலில் நிற்கும் பயிரே நோய் கண்டு வாடுவது மற்றொன்று. முன்னது மாரடைப்பு. பின்னதுதான் இதயத் தசை அழற்சி. டாக்டர்கள் மயோகார்டைட்டிஸ் என்பர். இதயத்தின் தசை புண்பட்டு வீங்குவது அது. இதயத்தைச் சுற்றியுள்ள உறை வீங்கினால் பெரிகார்டைட்டிஸ். வண்டல் ஒரே இரவில் படிவதில்லை. எனவே விவேக்கின் மரணத்தை வைத்துக்கொண்டு ‘ஊசியால் இதய அழற்சி’ என்று பேசுவது, இரண்டு வேறு நோய்களை ஒரே பாயில் படுக்க வைப்பதாகும்.

உண்மையான தீங்கு எது?

இப்படிச் சொன்னதும், அப்படியானால் இதய அழற்சி என்பதே கட்டுக்கதை என்று சிலர் முடிவு கட்டிவிடுகின்றனர். அதுவும் பிழையே. அந்தத் தீங்கு உண்மையானது. ஆனால் வேறு ஊசியில், வேறு வயதினரிடம், வேறு நாடுகளில் கண்டது.

ஃபைசர், மாடர்னா எனும் இரு கம்பெனிகளின் ஊசிகள் எம்.ஆர்.என்.ஏ. எனும் புதிய முறையில் அமைந்தவை. கிருமியின் மேலுள்ள முள் போன்ற ஒரு பகுதியைச் செய்வதற்கான குறிப்பை மட்டும் அவை உடலுக்குள் கொண்டுசெல்கின்றன. உடல் அப்பகுதியைச் செய்து, பின் அதனை அந்நியன் என்று கண்டு எதிர்க்கப் பழகிக்கொள்கிறது. 2021ஆம் ஆண்டின் முற்பகுதியில், இவ்வூசியின் இரண்டாம் தவணை போட்டுக்கொண்ட வாலிபர்கள் சிலர் இரண்டு மூன்று நாள் கழித்து நெஞ்சுவலி என்று வந்ததை முதலில் இஸ்ரேலிய மருத்துவர்கள் கவனித்தனர். அந்நாட்டின் பெயரைக் கண்டதும் சில நேயர்கள் முகம் சுளிக்கக் கூடும். நோயாளிகளின் எண்ணிக்கையை யார் எண்ணினாலும் எண்ணிக்கை எண்ணிக்கைதான். அதனை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பிறர் எண்ணிப் பார்த்தபோதும் ஏறத்தாழ அவ்வாறே வந்தது.

அந்தக் கணக்கைச் சொல்கிறோம். அந்நாட்டின் பெரிய மருத்துவ நிறுவனம் ஒன்றில் 25 லட்சம் பேருக்கு மேல் ஊசி போட்டிருந்தனர். அவர்களில் 54 பேருக்கு இதயத் தசை அழற்சி கண்டது. அதாவது லட்சத்துக்கு இரண்டு பேர். ஆனால் எல்லோரையும் ஒன்றாகச் சேர்த்து எண்ணுவதில் ஒரு மறைப்பு இருக்கிறது. 16 முதல் 29 வயது வரையுள்ள ஆண்களை மட்டும் தனியே எடுத்தால் லட்சத்துக்கு ஏறத்தாழ 11 பேர். அந்நாடு முழுமைக்கும் செய்யப்பட்ட வேறோர் ஆய்வில், இரண்டாம் தவணைக்குப் பின் 16 முதல் 19 வயதுப் பையன்களில் 6,637 பேருக்கு ஒருவர் என்று வந்தது. நாம் கண்டவற்றுள் கடுமையான கணக்குகளில் ஒன்று இது. ஆகவேதான் மறைக்காமல் எழுதுகிறோம். அந்த ஆய்வில் அழற்சி உறுதியான 136 பேரில் 129 பேருக்கு நோய் லேசாக இருந்தது; ஒருவர் இறந்தார்.

லட்சம் பேர் என்றால் எவ்வளவு என்று வீட்டில் இருக்கும் தாய்மார்களுக்கு விளங்க வேண்டுமானால், மேலூர், திருமங்கலம் ஆகிய இரு நகரங்களின் மக்கள் அனைவரையும் ஒன்று சேர்த்தால் ஏறத்தாழ அந்த அளவு வரும். அத்தனை பேரும் இளைஞர்களாகவே இருந்து, அத்தனை பேரும் அந்த ஊசியையே போட்டிருந்தால், அவர்களில் 11 பேர் நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார்கள்.

தராசின் மற்றத் தட்டையும் பார்க்க வேண்டும். கொரோனா நோயே இதயத்தில் அழற்சியை உண்டாக்குகிறது. இஸ்ரேலில் எல்லா வயதினரையும் கொண்டு செய்த கணக்கில், ஊசியால் லட்சத்துக்கு 3 பேருக்கும் குறைவாக இந்நோய் கூடுதலாக வந்ததென்றால், கொரோனா பிடித்தவர்களில் லட்சத்துக்கு 11 பேருக்குக் கூடுதலாக வந்தது.

நம் நாட்டிற்கு வருவோம். இங்கே பெரும்பாலோர் போட்டுக்கொண்டது கோவிஷீல்டு, அடுத்தது கோவாக்சின். இரண்டும் எம்.ஆர்.என்.ஏ. ஊசிகள் அல்ல. 2022 ஜனவரி 3 முதல் நம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் போட்டதும் கோவாக்சின்தான். அது செயலிழக்கச் செய்த கிருமியைக் கொண்டு பழைய முறையில் செய்யப்படுவது. கோவிஷீல்டுக்கும் ஓர் அரிதான தீங்கு உண்டு. இரத்தம் உறைந்து, இரத்தத் தட்டுகள் குறையும் நோய் அது. அதனைத் தயாரித்த மூல நிறுவனம் இங்கிலாந்து நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது என்று 2024 ஏப்ரலில் பத்திரிகைகள் பெரிதாக எழுதின. ஆனால் 2021லேயே மருத்துவ உலகம் அதனைப் பகிரங்கமாகச் சொல்லியிருந்தது. அது இதய அழற்சி அன்று என்பதை மட்டும் ஈண்டு குறித்துக்கொள்வோம்.

எனவே, வெளிநாட்டுச் செய்தியைக் கைப்பேசியில் கண்டு மதுரை வீட்டில் அஞ்சியவர்களில் பலர் தங்கள் புஜத்தில் ஏறாத ஊசிக்காகவே அஞ்சியிருந்தனர். ஆனால் அச்சம் முழுவதும் வீண் என்றும் சொல்லிவிட முடியாது. நம் குடும்பங்களின் பிள்ளைகள் வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். அங்கே ஃபைசர் ஊசிதான் பலருக்கும் போடப்பட்டது.

சிங்கப்பூரில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். 2021 ஜூலை 3 அன்று, ஃபைசர் முதல் தவணை போட்டு ஆறு நாள் ஆன 16 வயதுப் பையன் ஒருவன், கனமான எடைகளைத் தூக்கிப் பயிற்சி செய்த பின் இதயம் நின்று விழுந்தான். ஊசியோடு தொடர்புடைய கடுமையான இதய அழற்சியாக இருக்கக் கூடும் என்று அந்நாட்டு அரசு வெளிப்படையாகச் சொல்லிற்று; அக்குடும்பத்திற்கு 2,25,000 சிங்கப்பூர் வெள்ளி உதவித்தொகையும் அளித்தது. ஊசி போட்டவர்கள், குறிப்பாக முப்பது வயதுக்குட்பட்ட ஆண்கள், முதலில் ஒரு வாரத்திற்கும் பின்னர் இரண்டு வாரத்திற்கும் ஓட்டம், எடை தூக்குதல் முதலிய கடும் உழைப்பைத் தவிர்க்க வேண்டும் என்று அறிவுறுத்திற்று. அதோடு ஊசி போடும் பணியையும் நிறுத்தவில்லை. ஸ்வீடன் அரசு அவ்வாண்டு அக்டோபரில் முப்பது வயதுக்குட்பட்டோருக்கு மாடர்னாவை நிறுத்திவைத்து, வேறு ஊசியைப் போடச் சொன்னது. இரு தவணைகளுக்கும் இடையே எட்டு வாரம் விட்டால் இத்தீங்கு மேலும் குறைகிறது என்பதும் பின்னர் தெரியவந்தது.

ஊசியால் இதய அழற்சி என்பது கொரோனாக் காலத்தில் முளைத்ததும் அன்று. 2002 டிசம்பர் முதல் அமெரிக்க ராணுவத்தாருக்குப் பெரியம்மைத் தடுப்பூசி போட்டபோது, முதன்முறை போட்டுக்கொண்ட 2,30,734 பேரில் 18 பேருக்கு இந்நோய் வந்ததாக எண்ணினார்கள். அம்மை குத்தும் வழக்கமோ அதற்கெல்லாம் மூத்தது. உதுமானியத் துருக்கியின் பெண்கள் பிள்ளைகளுக்கு அம்மைப் பால் குத்துவதைக் கண்டுதான் ஐரோப்பியர் அதனைக் கற்றுக்கொண்டனர். அக்காலத்தில் குத்திக்கொண்ட நூறு பேரில் ஒருவர் இருவர் இறந்ததும் உண்டு. இறந்தாலும் குத்திக்கொண்டார்கள், ஏனெனில் அம்மை வந்தவர்களில் நூற்றுக்கு இருபது முப்பது பேர் இறந்துகொண்டிருந்தனர்.

ஷரீஅத்தின் அளவுகோல்

ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தங்கள் ‘இஹ்யா’வில் தவக்குலைப் பற்றிப் பேசும் பாகத்தில், தீங்கை நீக்கும் காரணங்களை மூன்றாகப் பிரிக்கிறார்கள். தாகத்திற்குத் தண்ணீர், பசிக்கு உணவு போன்றவை உறுதியானவை. உயிர் போகும் நிலையில் இவற்றை விடுவது தவக்குல் அன்று, ஹராமாகும். இரத்தம் குத்தி எடுத்தல், பேதி மருந்து முதலிய வைத்தியங்கள் மேலோங்கிய எண்ணத்தைச் சார்ந்தவை. இவற்றைச் செய்வது தவக்குலுக்கு மாறானதன்று. சூடு போடுதல் போன்றவை வஹ்மு வகையைச் சார்ந்தவை. ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இப்பிரிவினை இன்றும் நமக்குப் போதுமானதாக இருக்கிறது.

இதனை இங்கே பொருத்திப் பார்ப்போம். ஊசியின் பயன், குறிப்பாக முதியோரையும் நோயாளிகளையும் மரணத்திலிருந்து காப்பதில், மேலோங்கிய ளன்னு என்ற தரத்தில் நின்றது. தமிழ்நாட்டில் 2021 மே 21 அன்று ஒரே நாளில் 36,184 பேருக்கு நோய் கண்டது. கொரோனா முழுவதிலும் அரசுக் கணக்கில் மட்டும் 38,000 பேருக்கு மேல் இம்மாநிலத்தில் இறந்தனர். அவ்வாண்டின் ஜனாஸாக்களை அறியாத மஹல்லா உண்டா? மறுபுறம், மேலூர்ப் பெரியவரைப் பொறுத்தவரை ஊசியால் இதய அழற்சி வரும் என்ற அச்சம் வெறும் வஹ்மு. ஆனால் சிங்கப்பூரில் படிக்கும் பதினேழு வயதுப் பேரனைப் பொறுத்தவரை அதே அச்சம் வஹ்மு அன்று; எண்ணிச் சொல்லத்தக்க, முன்ஜாக்கிரதையைக் கோருகின்ற ஒரு சாத்தியம். பாட்டனாருக்குச் சொல்லும் பதிலைப் பேரனுக்கும், பேரனுக்குச் சொல்லும் பதிலைப் பாட்டனாருக்கும் சொல்வதால்தான் குழப்பமே விளைகிறது. ஃபத்வா கேட்பவரின் வயது, உடல்நிலை, ஊர், அவர் போடப் போகும் ஊசி ஆகியவற்றை விசாரிக்காமல் தீர்ப்புச் சொல்வது, வாரிசுகள் எத்தனை பேர் என்று கேட்காமலே சொத்தைப் பங்கு வைப்பதைப் போன்றது.

அரிதாக நிகழ்வதற்குத் தனிச் சட்டம் இல்லை என்று ஃபுகஹாக்கள் கூறுவர். இது சரியான காயிதாவே. ஆயினும் இதனைக் கையாள்வதில் கவனம் வேண்டும். பொதுச் சட்டத்தை அரிதானதற்காக மாற்றுவதில்லை என்பதே இதன் கருத்து. அரிதான அந்த ஒருவரைக் கவனிக்க வேண்டியதில்லை என்பது அன்று. லட்சத்தில் 11 பேர் என்பது ஊருக்குச் சிறு தொகை. அந்தப் பதினொருவரின் தாய்மாருக்கோ அவர்கள் முழுப் பிள்ளைகள். அதனால்தான் ஷரீஅத் தீங்கை நீக்குவதையும் ஒரு காயிதாவாக வைத்திருக்கிறது. சிங்கப்பூர் அரசு செய்தது இவ்விரண்டையும் சேர்த்துத்தான்: பொதுவில் ஊசியைத் தொடர்ந்தது, பாதிக்கப்பட்டவனுக்கு ஈடு கொடுத்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வியாபாரத்தில் சரக்கின் குறையை மறைப்பது கூடாது என்பதை நம் நெல்பேட்டை வியாபாரிகள் நன்கு அறிவார்கள். மதீனாவின் கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், மக்கள் பார்க்கும்படி அந்த ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியை வினவியதும் நமக்குத் தெரியும். ஊசியைப் பற்றிப் பேசுவோருக்கும் இதுவே சட்டம். அரிதான தீங்கு இருக்கிறதென்றால் அதனை மேலே வைத்துக் காட்டிவிட வேண்டும். பயந்துவிடுவார்களே என்று அடியில் புதைத்தால், ஒரு நாள் கை உள்ளே போகும்போது மொத்தக் குவியலின் மீதும் நம்பிக்கை போய்விடும். 2021இல் ‘எந்தப் பக்கவிளைவும் கிடையாது’ என்று மேடையில் முழங்கியவர்கள் நன்மை செய்வதாக எண்ணித் தீமையே செய்தார்கள் என்பது நம் அபிப்பிராயம். அதேபோல, கையில் சிக்கிய ஈர மணி ஒன்றைத் தூக்கிக் காட்டி, குவியல் முழுவதும் அழுகல் என்று கூவுவதும் பொய்தான். செய்தி கொண்டுவந்தால் தீர விசாரிக்கும்படி சூரா ஹுஜுராத்தின் 6ஆவது ஆயத்து நமக்குக் கட்டளையிடுவது வாட்ஸ்அப்பில் வரும் செய்திக்கும் சேர்த்தேயாகும்.

விசாரித்தவர்களும் உண்டு. ஐ.சி.எம்.ஆர். எனப்படும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், 18 முதல் 45 வயது வரையில் திடீரென இறந்த 729 பேரைப் பற்றி நாடெங்கும் 47 ஆஸ்பத்திரிகளின் வழியே விசாரித்து, அதே வயதும் அதே வட்டாரமும் கொண்ட, உயிரோடிருந்த 2,916 பேரோடு ஒப்பிட்டு 2023இல் வெளியிட்டது. கொரோனா ஊசி போட்டதால் திடீர் மரணம் கூடவில்லை. இரு தவணை போட்டவர்களிடம் அது குறைவாகவே இருந்தது. கூட்டியவை எவை? கொரோனாவால் ஆஸ்பத்திரியில் கிடந்தது, குடும்பத்தில் முன்னரும் திடீர் மரணம் நேர்ந்திருப்பது, இறப்பதற்கு முந்திய இரு நாட்களில் அளவுக்கு மீறிக் குடித்தது, அதே இரு நாட்களில் உடலைக் கடுமையாக வருத்தியது ஆகியவை. ஹராமாக்கப்பட்ட ஒன்றின் பெயர் அப்பட்டியலில் இருப்பதை நேயர்கள் கவனித்திருப்பார்கள்.

கட்டாயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2021 இறுதியில் நம் மாவட்டத்திலும் ஊசி போடாதவர்கள் பொது இடங்களுக்கு வரக் கூடாது என்று உத்தரவிட்டார்கள். 2022 மே 2 அன்று உச்ச நீதிமன்றம், எவரையும் அவர் உடலில் ஊசி போட வற்புறுத்த முடியாது என்றும், ஊசியால் நேரும் பாதிப்புகளை மக்களும் மருத்துவர்களும் தெரிவிக்க வழி செய்ய வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. ஷரீஅத்திலும் பெரும்பாலான வைத்தியம் கட்டாயக் கடமை அன்று; ஷாஃபிஈ மத்ஹபில் அது சுன்னத் என்றும், ஹனஃபி மத்ஹபில் ஆகுமானது என்றும் கூறுவர். ஆனால் கட்டாயம் இல்லை என்பதற்கும் கூடாது என்பதற்கும் உள்ள தூரம் பெரிது.

நெஞ்சு வலித்தால்

எந்த ஊசியானாலும் போட்ட ஒரு வாரத்திற்குள் பிள்ளைக்கு நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், படபடப்பு, மயக்கம் இவற்றில் எது வந்தாலும் வாயு என்று ஓமத் தண்ணீர் கொடுத்துப் படுக்க வைக்காதீர்கள். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். வாகனம் இல்லாவிட்டால் 108ஐக் கூப்பிடுங்கள். எந்த ஊசி, எந்தத் தேதி என்பதை டாக்டரிடம் தவறாமல் சொல்லுங்கள். இ.சி.ஜி., ட்ரோபோனின் எனும் இரத்தப் பரிசோதனை, எக்கோ ஆகியவற்றால் நோயைக் கண்டுபிடித்துவிடுவார்கள். பெரும்பாலோர் ஓய்விலும் மருந்திலும் சில நாட்களில் தேறிவிடுகின்றனர். தேறிய பின்னும் மூன்று முதல் ஆறு மாதம் வரை பந்தாட்டம், ஓட்டம், எடை தூக்குதல் கூடாது என்பார்கள். பையன் நன்றாகத்தானே இருக்கிறான் என்று அதனை மீறக் கூடாது. சிங்கப்பூர்ப் பையனை நினைத்துக்கொள்ளுங்கள்.

அக்காலத்தில் தொழுகைக்கு என்ன செய்வது? நிற்க இயலாதவர் உட்கார்ந்தும், உட்கார இயலாதவர் படுத்தும் தொழ அனுமதி உண்டென்பது எல்லோரும் அறிந்ததே. நின்று தொழுவது கடும் உழைப்பு அன்று. டாக்டர் எழுந்து நடக்கலாம் என்று சொல்லிவிட்ட நோயாளி வழக்கம்போல் தொழலாம். நோன்பு வந்துவிட்டால், நோன்பினால் நோய் கூடும் அல்லது குணமாகத் தாமதமாகும் என்று தேர்ந்த மருத்துவர் சொன்னால் விட்டுவிட்டுப் பின்னர் களாச் செய்யலாம். குணமாகும் நோய் ஆகையால் ஃபித்யா கொடுத்து முடித்துக்கொள்ள முடியாது, களாவே கடமை.

பிள்ளைகளின் ஊசி

கொரோனா ஊசியைப் பற்றி எழுந்த இந்த அச்சம் இப்போது பச்சைக் குழந்தைகளின் ஊசிகள் மீதும் படர்ந்துவருவதுதான் நம்மை இதை எழுதத் தூண்டிற்று. ‘எல்லா ஊசியும் இதயத்தைக் கெடுக்கும், அதனால் முத்தடுப்பு ஊசியை நிறுத்திவிட்டோம்’ என்று சொல்லும் இளம் பெற்றோரைக் காண்கிறோம். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தட்டம்மை–ரூபெல்லா ஊசி போட்டபோதும் இப்படித்தான் வாட்ஸ்அப் வதந்தியால் பலர் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பாமல் வைத்துக்கொண்டனர்.

அவர்கள் அறியாத செய்தி ஒன்று உண்டு. முத்தடுப்பு ஊசி தடுக்கும் நோய்களில் ஒன்று தொண்டை அடைப்பான், டிப்தீரியா என்பர். அக்கிருமி தொண்டையில் சாம்பல் நிறத் திரையைப் போட்டு மூச்சை அடைப்பதோடு நிற்பதில்லை. அது கக்கும் விஷம் இரத்தத்தில் கலந்து இதயத்தைத் தாக்குகிறது. அந்நோயில் பிள்ளைகள் இறப்பதற்குப் பெருங்காரணம் இதயத் தசை அழற்சியே! லட்சத்தில் ஒருவருக்கு இருவருக்கு என்றன்று, அந்நோய் கண்டவர்களில் பலருக்கு அது வருகிறது. ஊசியால் வருமோ என்று எந்த நோய்க்கு அஞ்சி ஊசியை நிறுத்தினார்களோ, அதே நோய்க்கு வாசற்கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள்.

இது ஏட்டளவில் உள்ள ஆபத்தன்று. 2016இல் அண்டை மாநிலமான கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில், நம் சமுதாயத்தார் நிறைந்து வாழும் இடத்தில், தொண்டை அடைப்பான் பரவி வாலிப வயதுப் பிள்ளைகள் இறந்தனர். நோய் கண்டவர்களில் பலர் ஊசியே போடாதவர்கள், அல்லது பாதியில் விட்டவர்கள்.

குழந்தைக்கு ஆறு, பத்து, பதினான்காம் வாரங்களில் மூன்று தவணை. பிறகு ஒன்றரை வயதையொட்டி ஒன்று. ஐந்து வயது நிறைந்து ஆறுக்குள் ஒன்று. பத்திலும் பதினாறிலும் ஒவ்வொன்று. அரசு ஆஸ்பத்திரியில் எல்லாம் இலவசம். தவணை தவறியவர்கள் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்தே போட்டுக்கொள்ளலாம். ஏழு வயது நிறைந்துவிட்ட பிள்ளைகளுக்கு அதற்கென வேறு ஊசி இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் புதன்கிழமைதோறும் போடுகிறார்கள். போகும்போது பிள்ளையின் அட்டையை எடுத்துச் செல்லவும்.